அண்டம் குழப்பத்தில் பிறந்ததா?

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் நெடுஞ்சாலையில், ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டி இருக்கும் ஊர் கண்ணமங்கலம். உலகம் எப்படித் தோன்றியது என்ற கேள்விக்கு ஒன்றோடொன்று ஒவ்வாத மூன்று விடைகளைச் சொல்லும் மூன்று இடங்கள் இந்த ஊரைச் சுற்றி இருக்கின்றன. தெற்கே அண்ணாமலை. அடியும் முடியும் காண முடியாத தீப்பிழம்பாகச் சிவன் நின்ற இடம் என்று சைவம் போற்றும் மலை அது. அங்கே போகும் வழியில், போளூரை அடுத்து, திருமலை. இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரைத் தாங்கிய ஜினாலயமும் 16 அடி உயர நேமிநாதர் சிலையும் உள்ள சமணத் தலம். உலகை யாரும் படைக்கவில்லை, அது என்றும் உள்ளது என்பது அத்தலத்தாரின் கொள்கை. மேற்கே, மலையின் மறுபுறம், காவலூர். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கிகள் அங்கே வானைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இம்மூன்றையும் சேர்த்து வைத்து ஆராய்ந்தால் ஒன்று தெளிவாகிறது. தொடக்கத்தில் இருந்தது தெய்வ ஒழுங்கா, வெறும் குழப்பமா என்று கேட்டுப் பழகிவிட்டோம். அந்தக் கேள்வியின் அமைப்பே பொருந்தவில்லை. தமிழ் நூல்கள் தொடக்கத்தில் குழப்பத்தை வைக்கவில்லை. இன்றைய வானியல் சான்றுகளும் வைக்கவில்லை. இரண்டும் அங்கே காண்பது, வேறுபாடு இன்னும் தோன்றாத ஒரு நிலையை. அந்த நிலை கலைந்தது ஏன், கலைத்தவர் என்று ஒருவர் வேண்டுமா என்பதுதான் உண்மையான வழக்கு.

குழப்பத்திலிருந்து ஒழுங்கு பிறந்தது என்ற கதைக்குப் பழைய மூலம் மேற்காசியாவில் இருக்கிறது. பாபிலோனியரின் படைப்புக் காவியமான எனூமா எலிஷில், தியாமத் என்ற ஆதிக்கடலை மர்துக் என்ற தேவன் போரில் கொன்று, அவள் உடலைப் பிளந்து வானையும் மண்ணையும் அமைக்கிறான். கிரேக்கரில் ஹீசியட் தேவர்களின் பிறப்பைப் பாடும்போது முதலில் தோன்றியதாகச் சொல்வது கேயாஸை. விவிலியத்தின் ஆதியாகமம் உருவற்று வெறுமையாய்க் கிடந்த பூமியிலும் ஆழத்தின் மேலிருந்த இருளிலும் தொடங்கி, ஆறு நாள் ஒழுங்குபடுத்தலை விவரிக்கிறது. இவற்றில் தெய்வத்தின் வேலை ஏறத்தாழ ஓர் அரசனுடைய வேலை. கலகம் செய்யும் நிலத்தை அடக்கி எல்லை வகுத்து ஆணை பிறப்பிப்பது. ஐரோப்பியக் கல்வி வழியாக இந்தச் சித்திரம் நம் பாடநூல்களுக்கும் மேடைப் பேச்சுகளுக்கும் வந்து சேர்ந்தது. ஆத்திகர் ஒழுங்கைக் காட்டிக் கடவுளை நிறுவவும், நாத்திகர் குழப்பத்தைக் காட்டிக் கடவுளை மறுக்கவும் இதையே பொதுக் களமாகக் கொண்டார்கள். இந்தக் களம் நம்முடையதுதானா என்று இரு தரப்பிலும் அதிகம் பேர் கேட்கவில்லை.

தமிழில் அண்டத் தோற்றத்தை விரிவாகப் பேசும் மிகப் பழைய பாடல்களில் ஒன்று, பரிபாடலில் கீரந்தையார் திருமாலைப் பாடிய இரண்டாம் பாடல். நிலவும் ஞாயிறும் உட்பட எல்லாம் அழிந்து பல ஊழிகள் கழிந்த பிறகு, வடிவம் எதுவுமில்லாத வானம் ஒலியோடு தோன்றுகிறது. அதன்பின் காற்று, தீ, நீர், நிலம் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊழிக்காலம். இந்த வரிசை தமிழுக்கு மட்டும் உரியதென்று சொல்ல முடியாது. தைத்திரிய உபநிடதத்திலும் இதே முறை உண்டு. நம் கேள்விக்கு வேண்டியது அந்தப் பாடலில் இல்லாத ஒன்று. அங்கே போர் இல்லை, அடக்கப்பட வேண்டிய பகைவர் இல்லை, சீர்குலைந்து கிடக்கும் பொருள்களும் இல்லை. நுண்ணியதிலிருந்து பருமையானது வருகிறது, புலனுக்கு எட்டாததிலிருந்து எட்டுவது வருகிறது. தொல்காப்பிய மரபியல் உலகத்தை ஐம்பூதங்களின் கலப்பாகக் காண்கிறது. புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் முரஞ்சியூர் முடிநாகராயர் சேர மன்னனை வாழ்த்தும்போது ஐம்பூதங்களை ஒன்றோடொன்று தொடுத்து வரிசைப்படுத்தி, அவற்றின் இயல்புகளை அரசனின் குணங்களுக்கு ஏற்றிச் சொல்கிறார். நாசதீய சூக்தம் எனப்படும் ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலப் பாடலும் உள்ளதும் இல்லாததும் பிரியாத நிலையைப் பேசிவிட்டு, இதை மேலே இருப்பவனாவது அறிவானோ என்று ஐயத்தில் நிற்கிறது. தெய்வத்தின் முன்னேயே அந்த ஐயத்தை எழுப்பும் துணிவு வேதத்துக்குள் இருந்ததை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இந்த விவாதம் எவ்வளவு விரிந்தது என்று காண மணிமேகலையின் 27ஆம் காதையைவிட நல்ல சான்று இல்லை. வஞ்சி மாநகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். பிரமவாதி உலகத்தை ஒரு தேவன் இட்ட முட்டை என்கிறான். ஆசீவகன் நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றின் அணுக்களைப் பற்றிப் பேசுகிறான். அவை புதிதாய்ப் பிறப்பதில்லை, அழிவதில்லை, ஒன்று இரண்டாகப் பிளப்பதில்லை, நீரணு நிலவணுவாக மாறுவதும் இல்லை. சேர்ந்து மலையாகவும் பிரிந்து வேறாகவும் அமையும், அவ்வளவே. பூதவாதி இன்னும் ஒரு படி மேலே போகிறான். பூவும் கருப்புக்கட்டியும் சேர்ந்து ஊறிக் கள்ளில் மயக்கம் தோன்றுவதுபோல, பூதங்களின் சேர்க்கையில் உணர்வு தோன்றும் என்கிறான். சாங்கியன் மூலப்பகுதியிலிருந்து தத்துவங்கள் வரிசையாக விரியும் விதத்தை விளக்குகிறான். சாங்கியம் இங்கே தனிக் கவனத்துக்குரியது. மூலப்பகுதியில் சத்துவம், இராசதம், தாமதம் என்ற மூன்று குணங்களும் சமநிலையில் இருக்கும்வரை எதுவும் தோன்றாது என்பது அதன் கருத்து. அந்தச் சமநிலை குலையும்போதுதான் உலகம் விரிகிறது. முழு ஒழுங்கு மலடு, சிறு குலைவே கருவுறுதல் என்ற இந்த எண்ணம், ஒழுங்கு நல்லது, குலைவு தீயது என்னும் எளிய பிரிவினையைத் தலைகீழாக்குகிறது. மணிமேகலை கேட்டவர்களில் கடவுளை ஏற்றவர்களும் இருந்தனர், மறுத்தவர்களும் இருந்தனர். குழப்பத்தைத் தொடக்கமாக வைத்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

அண்ணாமலையின் தீத்தூண் கதைக்கும் ஒழுங்கு நிறுவும் கதைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. பிரமன் அன்னமாகி முடியைத் தேடுகிறான், திருமால் பன்றியாகி அடியைத் தேடுகிறான், இருவரும் தோற்கிறார்கள். படைப்பவனே அங்கே தோற்பவன். உலகின் மூலத்தை அளந்துவிடலாம் என்ற எண்ணம் முறிவதுதான் கதையின் உட்பொருள். இந்த அளவிறந்த மூலத்தைத் தருக்கத்தின் முன் நிறுத்தும் வேலையை 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்தார். 12 சூத்திரங்கள் கொண்ட சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம் சுருங்கிய ஒரு வாதம். ஆண், பெண், அஃறிணை எனச் சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்கும் இயல்புடையது. அறிவற்ற ஒன்று தானே இம்முத்தொழிலுக்கு உட்படாது. ஆகவே செய்பவன் ஒருவன் உண்டு. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பதுபோல, உலகுக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது என்பது சைவ சித்தாந்தத்தின் அடிப்படை. எனவே இறைவன் சூனியத்திலிருந்து எதையும் படைப்பதில்லை. பதி (இறை), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றும் அநாதி. ஒடுங்கிய மாயை நுண்ணிலையில் கிடக்கிறது. அதில் 36 தத்துவங்கள் விரிகின்றன. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதர் தொடங்கிப் பாஞ்சராத்திரிகள் வரை 14 தரப்பினரின் கொள்கைகளை முன்வைத்து மறுத்த பிறகே சுபக்கத்தில் தம் கொள்கையை நிறுவினார். எதிர்த்தரப்பின் வாதத்தை இவ்வளவு விரிவாக முதலில் எடுத்துச்சொன்ன நேர்மைக்காகவே அந்நூலைச் சைவர் அல்லாதவரும் படிக்க வேண்டும்.

அப்படியானால் சித்தாந்தத்தில் குழப்பத்துக்கு இடமே இல்லையா? உண்டு, ஆனால் அண்டத்தில் இல்லை. ஆணவ மலம் என்று சித்தாந்தம் சொல்வது உயிரை அநாதியாகப் பற்றியிருக்கும் இருள். கேவல நிலையில் உயிர் எதையும் அறியாது, தன்னையும் அறியாது, அந்த இருளில் அழுந்திக் கிடக்கிறது. அதற்கு உடல், கருவி, உலகம், நுகர்ச்சி ஆகியவற்றைக் கொடுத்து, வினையை அனுபவிக்கச் செய்து, மலத்தைப் பக்குவப்படுத்துவதற்காகவே படைப்பு. பாபிலோனியர் கடலில் வைத்ததைச் சித்தாந்திகள் உயிருக்குள் வைத்தார்கள். இது சமய வரலாற்றில் மிக முக்கியமான இடமாற்றம் என்பது என் கருத்து. இதனால் பொருளுலகம் பகைப்புலமாக இல்லாமல் மருந்தாகிறது. தீமைக்கு இறைவன் காரணனா என்ற கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. ஆணவத்தை இறைவன் உண்டாக்கவில்லை. உண்மை விளக்கம் என்ற நூலில் மனவாசகங்கடந்தார் நடராசர் திருமேனியில் ஐந்தொழிலைக் காட்டும்போது உடுக்கையில் தோற்றமும் தீயில் ஒடுக்கமும் சொல்கிறார். காலின்கீழ் அழுந்திக் கிடப்பவனோ உயிரின் மலத்தின் உருவம். தில்லைக் கூத்தன் மிதிப்பது அண்டத்தின் குழப்பத்தை அல்ல.

சித்தாந்தத்துக்கு எதிரான மிகக் கூர்மையான மறுப்பு நாத்திகரிடமிருந்து வரவில்லை. வினையையும் வீடுபேற்றையும் சித்தாந்திகளைப்போலவே நம்பிய சமணரிடமிருந்து வந்தது. ஆரணி, போளூர், வந்தவாசி வட்டாரங்களில் இன்றும் வாழும் நயினார்களின் மரபு அது. 9ஆம் நூற்றாண்டில் ஜினசேனர் மகாபுராணத்தில் தொகுத்த வாதங்கள் தமிழ்ச் சமணருக்கும் பொதுவானவை. படைப்பதற்கு முன் கடவுள் எங்கே இருந்தார்? எந்தப் பொருளைக்கொண்டு படைத்தார்? அந்தப் பொருளையும் அவரே படைத்தார் என்றால் அதற்கு முன் எது? பொருள் தானாகவே இருந்தது என்றால், உலகமும் தானாகவே இருக்கக்கூடாதா? குறைவற்றவர் என்றால் படைக்க விரும்பியது ஏன்? இவற்றில் பொருளைப் பற்றிய கேள்விகள் சித்தாந்தத்தைத் தொடவில்லை, மாயையும் அநாதி என்று அது முன்பே ஒப்புக்கொண்டுவிட்டது. விருப்பம் பற்றிய கேள்விக்கு, தன் குறை தீரவல்ல, உயிர்களின் பொருட்டே இறைவன் செயல்படுகிறான் என்பது விடை. மிஞ்சுவது ஒரு கேள்வி, அதுதான் கடினமானது. வினை தானே தன் பயனைத் தரும் என்றால் இடையில் ஒருவர் எதற்கு? வினை அறிவற்றது, தன்னைச் செய்த உயிரைத் தேடிச் சேரும் ஆற்றல் அதற்கு இல்லை, சேர்ப்பவன் வேண்டும் என்கிறது சித்தாந்தம். நஞ்சு உண்டவனை நஞ்சு யாருடைய ஏவலும் இல்லாமல் கொல்கிறதே என்கிறது சமணம். இந்த இடத்தில் தருக்கம் மட்டும் எந்தப் பக்கத்துக்கும் வெற்றியைத் தந்துவிடவில்லை. ஆனால் ஒன்று உறுதி: உலகில் ஒழுங்கு இருப்பதை இரு தரப்பும் மறுக்கவில்லை. ஒழுங்கு என்றாலே ஒழுங்குபடுத்தியவர் ஒருவர் என்று தாவ முடியாது என்பதைச் சமணர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிலைநாட்டிவிட்டார்கள்.

இனி காவலூர். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கிய அந்த இடத்தில் 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் வந்தன. 1977இல் யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தபோது அந்தச் சான்றில் காவலூருக்கும் பங்கு இருந்தது. காவலூர் ஆய்வகத்தை நிறுவிய வைணு பாப்பு 1957இல் ஒலின் வில்சனோடு சேர்ந்து கண்டறிந்த உண்மை நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும்: குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் கால்சியம் உமிழும் ஒரு கோட்டின் அகலத்தைக்கொண்டே அந்த மீனின் உண்மையான ஒளியளவைக் கூறிவிடலாம். எங்கோ இருக்கும் மீனிலும் கால்சியம் இங்கே நடந்துகொள்வதுபோலவே நடந்துகொள்வதால்தான் இது முடிகிறது. வானம் முழுவதும் ஒரே விதி என்பது இப்படி அளந்து பெற்ற முடிவு. பிரபஞ்சத்தின் தொடக்க காலத்தைப் பற்றிய சான்று வேறு கருவிகளிலிருந்து வந்தது. 1965இல் பென்சியாசும் வேறொரு வில்சனும் அறிவித்த நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு, பிரபஞ்சத்துக்கு ஏறத்தாழ 3,80,000 வயதானபோது புறப்பட்ட ஒளி. இன்று அதன் வெப்பநிலை 2.725 கெல்வின். எந்தத் திசையில் பார்த்தாலும் அது ஏறக்குறைய ஒன்றே. 1992இல் கோபி செயற்கைக்கோள் அதில் வேறுபாடுகளைக் கண்டது. அவை ஒரு லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவினவே. அந்த நுண்ணிய ஏற்ற இறக்கங்களில் சற்றே அடர்ந்த இடங்கள் ஈர்ப்பினால் மேலும் அடர்ந்து, 1,380 கோடி ஆண்டுகளில் விண்மீன்களாகவும் விண்மீன் மண்டலங்களாகவும் ஆயின. தொடக்கத்தை வெடிப்பு என்று அழைப்பதால் சிதறலும் கொந்தளிப்பும் மனத்தில் தோன்றுகின்றன. அளவைகள் காட்டுவதோ கிட்டத்தட்ட முழுச் சீரான ஒரு பரப்பை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். எங்கும் ஒரே சீராகப் பரவிய வாயுவைத்தானே இயற்பியல் மிக உயர்ந்த என்ட்ரோபி உடையது, அதாவது மிகக் குழம்பியது என்கிறது? அப்படியென்றால் அந்தச் சீரான தொடக்கமே குழப்பம் இல்லையா? ஒரு குடுவையில் அடைத்த வாயுவுக்கு இது சரி. அங்கே ஈர்ப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அண்டத்தின் அளவில் ஈர்ப்பே முதன்மை, ஈர்ப்புள்ள இடத்தில் கணக்கு மாறுகிறது. பொருள்கள் திரண்டு கட்டியாவதும் இறுதியில் கருந்துளையாவதுமே அங்கே என்ட்ரோபி உயரும் வழி. பரந்து சமமாக நிற்பது மிகக் குறைந்த என்ட்ரோபி நிலை. ரோஜர் பென்ரோஸ் பல ஆண்டுகளாக வலியுறுத்திவருவது இதைத்தான்: நம் பிரபஞ்சத்தின் தொடக்கம் நினைத்தும் பார்க்க இயலாத அளவு தனித்தன்மை வாய்ந்த, குழப்பம் குறைந்த நிலை. கணிதத்தில் இன்று கேயாஸ் என்று சொல்லப்படுவதும், 1963இல் எட்வர்ட் லோரன்ஸ் வானிலைச் சமன்பாடுகளில் கண்டதுபோல, கண்டிப்பான விதிக்குள்ளேயே நிகழும் முன்கணிக்க இயலாமை. விதியின்மை அங்கேயும் இல்லை.

இங்கே இரண்டு சோதனைகளுக்கு நம் எழுத்தாளர்கள் எளிதில் ஆளாகிறார்கள். ஒன்று, இதையெல்லாம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பது. சாங்கியத்தின் குணச்சமநிலையும் நுண்ணலைக் கதிர்வீச்சின் சீர்மையும் ஒத்து ஒலிப்பது உண்மைதான். மணிவாசகர் திருவண்டப் பகுதியில் அண்டங்களை நூற்றொரு கோடிக்கும் மேற்பட்டவை என்றும் இறைவன்முன் அவை இல்லத்தில் நுழையும் கதிரில் மிதக்கும் துகள்கள்போலச் சிறியவை என்றும் பாடியதைப் படிக்கும் எவருக்கும் மெய்சிலிர்க்கும். ஆனால் அது கண்காணா இறைவனின் பெருமையைப் பாடிய பாட்டு. அளவை எதையும் அது கோரவில்லை. 2004இல் இந்திய அரசு ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்துக்கு நடராசர் சிலையை அளித்தது, 1980இல் கார்ல் சேகன் தம் தொலைக்காட்சித் தொடரில் சோழர் கால ஆடல் படிமத்தைக் காட்டியது எல்லாம் மகிழ்ச்சிக்குரியவை. ஆனால் அவற்றைக் கொள்கைக்குச் சான்றாக்குவது மெய்கண்டாருக்கு நாம் செய்யும் மரியாதைக் குறைவு. அவர் ஒப்புமையை நம்பி வாதிடவில்லை. காரணத்தை நம்பி வாதிட்டார். ஆசீவகரின் அணுவுக்கும் இன்றைய அணுவுக்கும் பெயர் ஒன்றே தவிர, பிளக்க முடியாதது என்று அவர்கள் சொன்னது பிளந்துவிட்டது.

மற்றொன்று, பெருவெடிப்பு கடவுளை நிறுவிவிட்டது என்பது. 1951 நவம்பரில் பன்னிரண்டாம் பயஸ் போப்பாண்டவர் தம் உரையில் ஏறத்தாழ இப்படித்தான் சொன்னார். விரியும் பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கத்தை முன்மொழிந்த ஜார்ஜ் லெமேத்ர் கத்தோலிக்கக் குருவாக இருந்தும் அதை ஏற்கவில்லை. தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதே அவர் நிலை. அவர் சரியாகவே உணர்ந்தார். 1955இல் கொல்கத்தாவின் அமல்குமார் ராய்சவுத்ரி வகுத்த சமன்பாடு, ஈர்ப்பின் கீழ்ப் பொருள்களின் பாதைகள் எப்படி ஒன்றை நோக்கிக் குவியும் என்பதைக் காட்டியது. பென்ரோசும் ஹாக்கிங்கும் பின்னர் நிறுவிய தேற்றங்கள் அதன்மேல் எழுந்தவை. கடந்த காலத்தில் பின்னோக்கிப் போனால் பொதுச் சார்பியல் ஓர் எல்லையில் பொருளிழக்கிறது என்பதே அவற்றின் முடிவு. கோட்பாடு நிற்கும் இடத்தைப் பிரபஞ்சம் பிறந்த இடம் என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம். எதிர்த்தரப்பிலும் இதே அவசரம் இருந்தது. 1948இல் ஹாயில், பாண்டி, கோல்டு மூவரும் தொடக்கமே இல்லாத நிலைப் பிரபஞ்சத்தை முன்வைத்தபோது, தொடக்கம் என்ற கருத்தின் சமய வாடையும் ஹாயிலுக்குப் பிடிக்காத ஒன்றாக இருந்தது. ஹாயிலோடு நம் ஜயந்த் நார்லிகர் பல பத்தாண்டுகள் உழைத்தார். சமண மரபுக்கு மிக அருகில் வரும் அந்தக் கொள்கையைச் சமயமோ சமய மறுப்போ வீழ்த்தவில்லை, நுண்ணலைக் கதிர்வீச்சின் அளவைகள் வீழ்த்தின.

ஆகவே சிவஞானபோதத்தின் முதல் சூத்திர வாதத்தை விண்மீன்களின் கணக்கில் வைத்து வெல்ல முயல்வது தேவையற்ற வேலை. அந்தச் சூத்திரமே தன் உலகத்தை ஆண், பெண், அஃறிணை என்று வகுத்தது. பிறந்து இறக்கும் உயிர்களின் உலகில் நின்றுகொண்டுதான் அது பேசுகிறது. உயிர்களின் இருளைப் பற்றியும் அது நீங்குவதைப் பற்றியும் கேட்பவருக்குச் சித்தாந்தம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. அங்கே அதற்கு ஈடாக வேறு தமிழ் நூல் மரபு இல்லை என்றே நினைக்கிறேன். ஒரு புள்ளியில் மட்டும் அது வானியலோடு நேராக மோதுகிறது. ஒடுக்கம் என்பது இளைத்த உயிர்களுக்கு இறைவன் தரும் ஓய்வு, அதன்பின் மீண்டும் தோற்றம் உண்டு என்கிறது சித்தாந்தம். 1998இல் தொலைதூர சூப்பர்நோவாக்களை அளந்த இரு குழுக்கள், பிரபஞ்சத்தின் விரிவு வேகம் கூடிக்கொண்டே போவதைக் கண்டன. 2011இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த விரிவு இப்படியே தொடர்ந்தால் அண்டம் மீண்டும் ஒன்றாய்க் குவியும் ஒடுக்கம் இல்லை. விண்மீன்கள் எரிந்து தீர்ந்தபின் எல்லையற்ற குளிர் மட்டுமே. சித்தாந்தி இதற்கு இரண்டு விதமாக விடை சொல்லலாம். மாயையில் ஒடுங்குவது இடத்தில் குவிவது அல்ல, நுண்மை எய்துவது என்று சொல்லலாம். அப்போது அவர் கொள்கை அளவைக்கு எட்டாததாகிவிடும். அல்லது பென்ரோஸ் முன்வைத்த கருத்தைப்போல, அந்தக் குளிர்ந்த வெறுமையே அடுத்த ஊழியின் தொடக்கமாகலாம் என்று சொல்லலாம். அப்போது அவர் வானத்தில் அதன் தடயம் காணப்படுகிறதா என்ற சோதனைக்குக் கட்டுப்பட வேண்டும். அப்படிப்பட்ட தடயத்தைக் கண்டதாக வந்த அறிவிப்புகளை வானியலாளர் பெரும்பாலோர் இதுவரை ஏற்கவில்லை.